மூச்சண்ணை விட்டுக்கொடுத்த திரி

அடுத்தவர் எப்போது மூச்சு விடலாம், எப்போது விடக்கூடாது என்று நேரம் வகுத்துக் கொடுத்த மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அரியாலையில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகத்தில் அவருக்குக் கீழே நான் வேலை பார்த்தேன். அம்மா அப்பா வைத்த நல்லதொரு பெயர் அவருக்கு இருந்தது. மாதத்தில் ஒருநாள் சம்பளப் பட்டியலில் அதை நான்தான் தட்டச்சு செய்வேன். மற்ற நாட்களில் அலுவலகத்துக்கும் தெருவுக்கும் அவர் மூச்சண்ணை.

உங்கள் அலுவலகத்தில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரு பதில் பாடமாக்கி வைத்திருந்தேன். கணினிக்குள் இருக்கும் சிப்புகள் ஒன்றோடொன்று செம்புக் கம்பி வழியாகக் கதைக்கின்றன. கதை கூடக்கூடக் கம்பி சூடாகிறது, தாமதமாகிறது. அதனால் கம்பிக்குப் பதிலாக ஒளியைச் சிப்புக்குள்ளேயே ஓடவிடப் பார்க்கிறார்கள். சிலிக்கன் ஒளியை நன்றாகக் கொண்டுபோகும், ஆனால் தானாக ஒளி தராது. ஆகவே வேறொரு பளிங்கில் செய்த மிகச் சிறிய லேசரை அதன்மேல் ஒட்டி, அந்த ஒளியில் செய்தியை ஏற்றி அனுப்ப வேண்டும். சிப்புகள் வெளிநாட்டில் செய்யப்பட்டன. அவை ஒழுங்காகக் கதைக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனை மேசை எங்களிடம் இருந்தது. அந்த மேசையைத் தூக்கி மாடியேற்றிய குருநகர் ஆட்கள் இன்றும் என்னைக் கண்டால் முதுகைத் தடவிக் காட்டுவார்கள்.

பரிசோதனை என்றால், ஒரு கண்ணாடி ஃபைபரின் நுனியைச் சிப்பின் விளிம்பில் ஒளி வரும் வாசலுக்கு நேரே நிறுத்த வேண்டும். ஒரு தலைமயிரை நீளவாக்கில் நூறாகப் பிளந்தால் வரும் தடிப்பளவு விலகினாலும் ஒளி வீணாய்ப் போகும். மூச்சண்ணை நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து, திருகாணியை விரல்நுனியால் தொட்டுக்கொண்டு, "மூச்சு!" என்பார். உடனே எல்லோரும் கால்களை உட்கார்ந்திருக்கும் கதிரையின் சட்டத்தில் தூக்கி வைத்து மூச்சை அடக்க வேண்டும். பொறியியல் படித்துவிட்டு வந்த இரண்டு பெடியளும் சிலையாகிவிடுவார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்கும் மேசைக்கும் நடுவில் பிடித்தபடி இருப்பேன். "சரி, விடுங்கோ" என்று அவர் சொல்லும்போது அறை முழுக்கப் பெருமூச்சு எழும்பும், அதில் ஃபைபர் விலகிவிடும். மறுபடியும் "மூச்சு!"

எனக்கு வேலை கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். நேர்முகத்துக்குப் போனபோது என்னுடைய சான்றிதழ்களை அவர் தொடவேயில்லை.

"பிள்ளை, அந்தக் கதவிலை இருந்து இந்தச் சுவர் வரைக்கும் ஒருக்கா நடவும்" என்றார்.

நடந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், தரையின் அதிர்வுக்கு ஏற்பத் திரையில் ஆடி ஓடிய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிக் குதிக்கால் ஊண்டாமல் நடவும்."

பெண் பார்க்க வந்த இடத்தில்கூட என்னை யாரும் இப்படி நடக்கவிட்டதில்லை. கோபத்தில் பூனை மாதிரி நடந்து காட்டினேன். கோடு அசையவில்லை. "திங்கட்கிழமை வாரும்" என்றார். எனக்கு முன்னே வந்த பட்டதாரி ஒருவர் சப்பாத்துக் காலோடு மேலே ஏறிய குற்றத்துக்காகப் படியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார் என்று பிறகு அறிந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர், அதாவது கட்டடத்தின் சொந்தக்காரர், பருத்த மனிதர். கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க ஒருநாள் மேலே வந்தார். வாசலில் கால் வைத்த கணத்தில் "மூச்சு!" என்ற குரல் கேட்டது. என்னவோ ஏதோ என்று அவரும் அடக்கிக்கொண்டார். மூச்சண்ணைக்கு வேலையில் இறங்கினால் மனிதர் ஞாபகம் வராது. வீட்டுக்காரரின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்த பிறகு நான்தான் அவருடைய தோளில் தட்டி, "நீங்கள் விடலாம் ஐயா" என்றேன். கூரையைப் பார்க்காமலேயே இறங்கிப் போனார்.

பின்னேரங்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு, பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ ஒன்று வரும். மூச்சண்ணை ஒருநாள் படியிறங்கிப் போய் அதன் ஓட்டுநரிடம் கெஞ்சினார். என்ன சொன்னார் என்று தெரியாது. மறுநாளிலிருந்து அந்த ஓட்டோ எங்கள் வளைவில் பாட்டை நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தி, ஆஸ்பத்திரி வாசலைக் கடப்பதுபோல உருண்டு போனது. அதைப் பார்த்த தெருச் சனம் மேல்மாடியில் யாரோ கடும் வருத்தக்காரர் படுத்திருப்பதாக முடிவு கட்டியது. ஒரு மாமி சூடாக சூப் கொண்டுவந்து, "இப்ப எப்படியிருக்கு? கண் முழிச்சதோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டா. மூச்சண்ணை நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுக்காமல், சிப்பைத்தான் கேட்கிறா என்று நினைத்து, "இன்னும் இல்லை மாமி, காலமை கொஞ்சம் முழிச்சுது" என்றார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனா. சூப்பை அவர்தான் குடித்தார்.

பாண்காரரைச் சமாளித்த மனிதருக்குக் கீழே இருந்த தையல் மிசினைச் சமாளிக்க முடியவில்லை. அதன் அதிர்வு சுவர் வழியாக ஏறி மேசைக்கு வந்தது. கல்யாண மாதங்களில் அந்த மிசின் ஓயாது. கடையை நடத்தியவ தையல் அக்கா. யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் கணவரைத் தவறவிட்டவ. அவர் இறந்துவிட்டார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை. ஆனால் தெரு தன் பாட்டில் ஒரு முடிவெடுத்திருந்தது. மணப்பெண்களின் சட்டையெல்லாம் அக்காதான் தைப்பா, கல்யாண வீட்டில் பின்வரிசையில்தான் இருப்பா. முன்னுக்கு வா என்று யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு இதைப் பார்க்க எரிச்சலாக வரும், ஆனால் நானும் கூப்பிட்டதில்லை.

மூச்சண்ணை கீழே போய், மிசினை இடைக்கிடை நிறுத்த முடியுமா என்று கேட்டார்.

"தம்பி, நான் மிசினை நிப்பாட்டினா என்ரை அடுப்பும் நிண்டிடும்" என்றா அக்கா.

அவர் மேலே வந்தார். அன்று முழுக்க யாரையும் மூச்சடக்கச் சொல்லவில்லை. மறுநாள் திரும்பவும் கீழே போனார். அக்கா என்னென்ன வேலை மிசினில் செய்கிறா, எவையெல்லாம் கையால் செய்கிறா என்று கேட்டுக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தாராம். சட்டைக்குக் கொளுக்கி வைப்பது, மணி கோர்ப்பது, விளிம்பு மடிப்பது எல்லாம் கைவேலை. கடைசியில் ஓர் ஏற்பாடு வந்தது. மேல் யன்னலிலிருந்து ஒரு நூலைக் கட்டி, அதன் நுனியில் வெறும் நூற்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். மூச்சண்ணை நூலை ஆட்டினால் கட்டை அக்காவின் யன்னலில் தட்டும். அக்கா மிசினை விட்டுக் கொளுக்கி தைக்கத் தொடங்குவா. வேலை முடிந்ததும் மறுபடியும் தட்டும். எங்கள் பரிசோதனைகளெல்லாம் அக்காவின் கொளுக்கி நேரத்தில்தான் நடந்தன. அக்கா ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. கல்யாண அவசரத்தில் பெண்வீட்டார் வந்து கத்தும்போதுகூட, "மேலை தம்பிக்கு வேலை நடக்குது" என்று கொளுக்கியைத்தான் தைத்துக்கொண்டிருப்பா.

அப்படியிருக்கும்போது கம்பனியிலிருந்து செய்தி வந்தது. பரிசோதனை மேசையை யாழ்ப்பாணத்தில் வைத்திருப்பதா, பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கே திருப்பி எடுப்பதா என்று முடிவு செய்யப் பணிப்பாளர் நேரில் வருகிறார். அவரும் இந்த மண்ணில் பிறந்து வெளியே போனவர்தான். மேசை போனால் மூச்சண்ணையும் அதோடு வரலாம், அங்கே வேலை உண்டு என்று எழுதியிருந்தார்கள். நான் நல்ல செய்திதானே என்றேன்.

மூச்சண்ணையின் குடும்பம் மயிலிட்டி. சின்ன வயதில் யுத்தத்தால் ஒரே நாளில் ஊரைவிட்டே எழுப்பப்பட்டு, பிறகு வீடு வீடாக, முகாம் முகாமாக மாறி வளர்ந்தவர். பெரியவராகி வெளிநாட்டில் படித்து, அங்கே நல்ல வேலையில் இருந்தபோது, இந்த மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர். இதெல்லாம் அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் தன்னைப் பற்றிக் கதைப்பதில்லை. அன்று மட்டும் ஒரு வசனம் சொன்னார்.

"நான் இனிச் சாமான் கட்டமாட்டன், பிள்ளை."

வருகை நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்பே சனி தொடங்கிவிட்டது. சிப்பைக் குளிராக வைத்திருக்கும் தட்டு பழுதாகியது. மாற்றுத் தட்டு சுங்கத்தில் கிடந்தது. நான் போகாத நாளில்லை, அவர்கள் சொல்லாத சாட்டுமில்லை. சிப்பில் ஒளியோடும் பாதைக்கு அருகே கண்ணுக்குத் தெரியாத அளவில் வளையங்கள் உண்டு. லேசரின் ஒளியை அந்த வளையம் பிடித்துச் செய்தியை ஏற்றும். கொஞ்சம் சூடு கூடினாலும் வளையம் பிடியை விட்டுவிடும். ஆகவே மூச்சண்ணை அறையின் ஏசியை ஒரே அளவில் ஓடவிட்டு, அதையே தட்டாக நம்பியிருந்தார். ஏசியின் கிட்ட யாரும் போகக்கூடாது என்பது அந்தக் கிழமைச் சட்டம்.

ஆனால் எங்கள் ஊரில் விளக்கேற்றாமல் ஒரு காரியம் தொடங்குமா? வீட்டுக்கார அம்மா, அந்தப் பருத்த ஐயாவின் மனைவி, பணிப்பாளர் வரும் நாள் காலையிலேயே ஆள் உயரக் குத்துவிளக்கை மேலே ஏற்றிவிட்டா. மாலை, நிறைகுடம், பன்னீர்ச் செம்பு, பக்கத்துப் பாடசாலை அதிபர், முன்பு சூப் கொண்டுவந்த மாமி உட்பட சனம் நிறைந்துவிட்டது. திரியில் நெருப்பு வைக்கப் போனால் ஏசிக் காற்றில் அணைகிறது. "மங்கல விளக்கு அணையக்கூடாது, முதல் உந்த ஏசியை நிப்பாட்டுங்கோ" என்று அம்மா கட்டளையிட, யாரோ ஏசியை நிறுத்த, யன்னலையும் சாத்தினார்கள். மூச்சண்ணை வாயைத் திறந்து பிறகு மூடிக்கொண்டார். சின்ன நேரம்தானே என்று நினைத்திருப்பார்.

முதல் திரியைப் பணிப்பாளர் ஏற்றினார். அடுத்து வீட்டுக்காரர், அவர் மனைவி, அதிபர். கடைசித் திரிக்கு மூச்சண்ணையைக் கூப்பிட்டார்கள். அவர் மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு சனத்துக்கு மேலால் பார்த்தார்.

"என்ரை திரியை அக்கா ஏத்துவா."

தையல் அக்கா படிக்கட்டுக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றா. 

"வேண்டாம் தம்பி. நான் இஞ்சை பின்னுக்கு நிக்கிறன்."

"நீங்கள் மிசினை நிப்பாட்டினபடியால்தான் இஞ்சை ஒரு கோடாவது நேரா வந்தது. வாங்கோ அக்கா."

அக்கா வந்தா.  திரி பற்ற நேரமெடுத்தது, ஆனால் பற்றியது.  அதிபர் மட்டும் கையைத் தட்டினார். அவரோடு நானும் தட்டினேன்.

பிறகு மூச்சண்ணை திரையை எல்லோருக்கும் திருப்பினார். லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது கொண்டுபோகும் செய்தி தெளிவாக இருந்தால் திரையில் கண் போன்ற ஒரு வடிவம் நன்றாகத் திறந்து தெரியும், குழம்பினால் அது மூடிக்கொள்ளும். அன்று அது அகலத் திறந்திருந்தது. "உதுதானோ முழிச்சது?" என்று மாமி என்னிடம் கேட்டா. பணிப்பாளர் கிட்டப் போய்ப் பார்த்துத் தலையாட்டினார்.

அவர் தலையாட்டி முடிக்க முன்னரே இமைகள் இறங்கத் தொடங்கின. மெல்ல மெல்லக் கண் சுருங்கியது, ஓரங்கள் கலங்கின. பிறகு வெறும் புகைமூட்டம்தான் மிஞ்சியது. ஏசி இல்லை, யன்னல் இல்லை, விளக்கின் சூடும் அத்தனை சனத்தின் சூடும் அறையை நிறைத்துவிட்டன. மூச்சண்ணை திரையைப் பார்த்தபடி நின்றார். அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன்.

"நான் அப்பவே நினைச்சன்" என்றா வீட்டுக்கார அம்மா. மெதுவாகச் சொல்வதாக அவவின் எண்ணம், எல்லோருக்கும் கேட்டது. "ஏத்தக்கூடாத கை ஏத்தினா வேறை என்ன நடக்கும்?"

அக்கா யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து குனிந்து விளக்கின் தண்டைப் பிடித்தா. "நான் இதைக் கீழை கொண்டுபோறன் தம்பி. நீங்கள் வேலையைப் பாருங்கோ."

வீட்டுக்காரரும், "ஓம் ஓம், அதை எடுங்கோ, ஏசியைப் போடுங்கோ" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அது சரியான வழியும்கூட. விளக்கு வெளியே போய் ஏசி ஓடினால் கண் தானாகத் திறக்கும், பணிப்பாளர் திருப்திப்படுவார், மேசை யாழ்ப்பாணத்திலேயே இருக்கும். எனக்கே தெரிந்தது, மூச்சண்ணைக்குத் தெரியாதா? ஆனால் விளக்கை எடுத்ததும் கண் திறந்தால், அக்காவின் கையைப் பற்றி அந்தத் தெரு என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரிந்தது.

"வையுங்கோ அக்கா" என்றார் மூச்சண்ணை. "விளக்கு நிக்கட்டும். ஏசியும் வேண்டாம்."

பிறகு சனத்தைப் பார்த்துத் திரும்பினார். இவ்வளவு பேருக்கு முன்னால் அவர் கதைத்து நான் கண்டதில்லை.

"சூடு கூடிப்போச்சு. அதுதான் நடந்தது. அஞ்சு திரியும் சூடு, இஞ்சை நிக்கிற எல்லாரும் சூடு. ஆரின்ரை கை ஏத்தினது எண்டு உந்த வளையத்துக்குத் தெரியாது. ஏசியை நிப்பாட்ட விட்டது என்ரை பிழை. கொஞ்சம் பொறுங்கோ, திருத்திறன்."

சிப்பில் ஒவ்வொரு வளையத்துக்கும் பக்கத்தில் அதைச் சூடாக்க ஒரு நுண்ணிய கம்பி உண்டு. அறை சூடானால் அந்தக் கம்பியின் சூட்டைக் குறைத்து ஈடுகட்டலாம். எவ்வளவு குறைப்பது என்பதைக் கையால்தான் தேட வேண்டும், அதற்குள் அறை இன்னும் சூடாகும், திரும்பவும் தேட வேண்டும். ஓடுகிற மாட்டுக்குப் பின்னால் கயிற்றோடு ஓடுகிற மாதிரியான வேலை. அவர் உட்கார்ந்தார். கண்ணில் ஒரு கீற்றுத் தெரியும், பிறகு போய்விடும். சனம் விசிறிக்கொள்ளவும் பயந்து நின்றது. வெந்துபோய்ச் சிலர் ரோல்ஸ், வடை வைத்திருந்த பக்கம் நழுவினார்கள். வீட்டுக்கார அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றா. அக்கா விளக்கடியிலேயே, எங்கே போவதென்று தெரியாதவபோல நின்றா. பணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேசை போகப்போகிறது என்று நான் உறுதியாக நினைத்தேன். கோயிலுக்கு ஒரு நேர்த்தி வைத்தால் என்ன என்றுகூட யோசித்தேன். என்ன நேர்த்தி வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு கண் திறந்தது. முதலில் திறந்த அளவு அழகில்லை, ஓரம் கொஞ்சம் கலங்கல்தான். ஆனால் ஐந்து திரியும் எரிந்துகொண்டிருக்க அது திறந்தே நின்றது. மூச்சண்ணை விரலை எடுக்காமல் அதைப் பிடித்து வைத்திருந்தார். வீட்டுக்கார அம்மா விளக்கையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தா. 

பணிப்பாளர் சாப்பிடப் போகும்போது படியில் என்னிடம் சொன்னார்: "குளிர் அறைக்குள்ளை கண் திறக்கிறது பெரிய விசயமில்லை, தங்கச்சி. இந்தச் சிப் கடைசியிலை கொதிக்கிற சிப்புகளுக்குப் பக்கத்திலைதானே இருக்கப்போகுது. உந்தச் சூட்டிலை பிடிச்சு வைச்சிருக்கிறவரை நான் ஏன் இடம் மாத்த வேணும்? மேசை இஞ்சையே இருக்கட்டும்."

நான் திரும்ப ஓடிப் போய் மூச்சண்ணையிடம் சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான். பிறகு கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

எல்லோரும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறையில் அவரும் அக்காவும் நானும்தான். அக்கா மெதுவாகக் கேட்டா:

"தம்பி, அந்த வெளிச்சத்தை எனக்கு ஒருக்காக் காட்டுவீங்களோ?"

அவர் திரையைக் காட்டினார்.

"இது ரீவி மாதிரியெல்லோ கிடக்கு. எனக்கு அந்த வெளிச்சத்தைப் பாக்க வேணும்."

 கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி பட்டால், பட்ட இடம் மட்டும் மங்கலாக ஒளிர்கிற அட்டை ஒன்று உண்டு. ஆனால் சிப்பின் வாசலில் அதைப் பிடிப்பதென்றால் ஃபைபரை அகற்ற வேண்டும். அதை அங்கே நிறுத்த அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர் திருகாணியைத் தொட்டபோது நான் "அண்ணை!" என்று கத்திவிட்டேன்.

"பரவாயில்லை, பிள்ளை. நாளைக்குத் திரும்பப் பொருத்தலாம்."

ஃபைபரைத் தன் கையாலேயே விலக்கினார். பேனை பிடிப்பதுபோல அட்டையை எப்படிப் பிடிப்பதென்று அக்காவுக்குக் காட்டினார். என்னை ரியூப் லைற்றை அணைக்கச் சொல்லி, விளக்கின் வெளிச்சம் விழாமல் தன் உள்ளங்கையால் மறைப்புக் கட்டினார். அட்டையின் நடுவில் கடுகளவு ஒரு செம்மஞ்சள் புள்ளி வந்து நின்றது.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் அக்கா."

அக்கா சிரித்தா. கண்ணிலிருந்து நீரும் இறங்கியது, துடைக்கக் கை ஒழியவில்லை. "வடிவாக் கிடக்கு" என்றா. அட்டையை மட்டும் விடவில்லை.

மறைப்புப் பிடித்த அவருடைய கை களைத்து நடுங்கத் தொடங்கியது. அக்கா போதும் என்று சொல்லும்வரை அதை அவர் எடுக்கவேயில்லை. அந்த மனிதர்மேல் அப்போது எனக்கு எவ்வளவு பாசம் வந்தது என்று இன்றுவரை அவரிடம் நான் சொன்னதில்லை.